ஒப்பந்த வெல்டர் வேலையை விட்டுட்டு சொந்தப் பட்டறை – ராணிப்பேட்டை, காட்பாடி பக்கம் என்ன கணக்கு?

திருவலம்_கரை

எல்லாருக்கும் வணக்கம். ராணிப்பேட்டை சிப்காட் தொழிற்பேட்டையில கான்ட்ராக்டர் கீழ வெல்டரா இருக்கேன். ராடு வச்சுப் பண்ற ஆர்க், கேஸ்ல வயர் விட்டுப் பண்ற மிக், ரெண்டு வெல்டிங்கும் வரும், டிராயிங் படிப்பேன். கேட், கிரில், ஷெட் வேலைக்கு சொந்தமா பட்டறை போடலாம்னு இருக்கேன். திருவலம் ரோட்டு மேல 20க்கு 30 அடி ஷீட் போட்ட இடம் வாடகைக்கு வருது. கையில 3 லட்சம். என்ன மெஷின் வாங்கறது, கேட்டுக்கு கிலோவுக்கு எவ்ளோ சொல்றது, கடன் வாங்கலாமா, வேலையை எப்ப விடறது? தெரிஞ்சவங்க சொல்லுங்க.

பாகாயம்_பேப்ரிகேஷன்

தம்பி, மெஷினை அப்புறம் பாப்போம். முதல்ல விலை. கான்ட்ராக்ட்ல இருக்கறவரைக்கும் இரும்பு கம்பெனியோடது, கரண்ட் கம்பெனியோடது, உங்க கணக்கு கூலியோட முடிஞ்சுது. பட்டறைன்னு வந்துட்டா கூலி செலவுல ஒரு பங்குதான். வெளிய வந்து ஆறே மாசத்துல ஷட்டரை இறக்கறவங்க பெரும்பாலும் வெல்டிங் தெரியாதவங்க இல்ல, கொட்டேஷன் போடத் தெரியாதவங்க.

ஒரு கேட்டை முழுசா போட்டுக் காட்டறேன். 10 அடி அகலம், 5 அடி உயரம், ரெண்டு இலை (ரெண்டு கதவு). ஃபிரேம் 50×50 பைப், 2 மி.மீ. கனம். கீழ 2 அடிக்கு 1.2 மி.மீ. ஷீட், மேல 12 மி.மீ. சதுரக் கம்பி, இலைக்கு 14. நடுவுல ஒரு குறுக்குச் சட்டம்.

பைப் 6 மீட்டர் நீளம், அதாவது 19 அடி 8 அங்குலம். 20 அடின்னு மனக்கணக்கு போட்டு, 5 அடித் துண்டு நாலு வரும்னு நினைக்காதீங்க, மூணுதான் வரும். தூண் பக்கமும் நடுவுலயும் இடைவெளி விட்டா, இலையோட படுக்கைச் சட்டம் 1495 மி.மீ., நிலைச் சட்டம் 1524, உள்ள வர்ற குறுக்குச் சட்டம் 1395. ஒரு பைப்புல மூணு பெரிய துண்டும் ஒரு குறுக்குச் சட்டமும் எடுத்தா, மூணுமே நிலைச் சட்டமா இருந்தாக்கூட 5967. கட்டிங் வீல் தின்றது சேர்த்து 5980க்குள்ள அடங்கிடும். ரெண்டு பைப்பை இப்படி வெட்டி, மூணாவதுல ரெண்டு துண்டு எடுத்தா கிட்டத்தட்ட 2.9 மீட்டர் மிச்சம் நிக்கும். குறுக்குச் சட்டத்தைக் கடைசியா வெட்டிக்கலாம்னு விட்டா, நாலாவது பைப் வாங்க ஓடணும்.

எடை: இந்த பைப் மீட்டருக்கு 3 கிலோ, மூணு நீளம் 54 கிலோ. கம்பி மீட்டருக்கு 1.13 கிலோ. ஒரு நீளத்துல 764 மி.மீ. துண்டு ஏழு வரும், அப்ப 28 கம்பிக்கு நாலு நீளம், 27 கிலோ. 8×4 அடி ஷீட் ஒண்ணு 28 கிலோ. மொத்தம் வாங்கறது 109 கிலோ.

கேட்டுல ஏறுறது? ஃபிரேம் 44.5, கம்பி 24, ஷீட் 17. கிட்டத்தட்ட 86 கிலோ. மிச்சம் 22, 23 கிலோ உங்க பட்டறை மூலையில கிடக்கும். கிலோ கணக்குல விலை பேசினா கஸ்டமர் 86க்குக் காசு தருவார், இரும்புக் கடைக்காரருக்கு நீங்க 109க்குக் குடுத்திருப்பீங்க.

இப்ப ரூபாய். விலை மாறிட்டே இருக்கும், இதை உதாரணமா மட்டும் எடுத்துக்கங்க. இரும்பு வரியோட கிலோ 70ன்னா 7,630. வெல்டர் 1,000, ஹெல்பர் 700, மாட்டறதோட சேர்த்து ரெண்டரை நாள்: 4,250. வெல்டிங் ராடு, கட்டிங் வீல், பிரைமர், பெயிண்ட், டின்னர் 1,500. கீல், தாழ்ப்பாள் 900. வண்டி 800. வாடகை, கரண்ட், மெஷின் தேய்மானம், பெட்ரோல் மாசம் 14,000னு வச்சு, நிஜமா வேலை நடக்கற 20 நாளால வகுத்தா நாளுக்கு 700, ரெண்டரை நாளுக்கு 1,750. கூட்டினா 16,830. இதுல உங்க லாபம் ஒரு பைசா இல்ல. வெல்டர் கூலி 1,000ங்கறது நீங்களே வெல்டிங் பண்ணாலும் எழுதணும்.

லத்தேரி_கிரில்

அண்ணே, கணக்கு சரிதான், ஆனா ஊர்ல பெயிண்டோட கிலோ 150க்கு ஒருத்தர் கேட் பண்ணித் தரேன்னா இந்தத் தம்பிக்கு ஆர்டர் எப்படி வரும்? 86 கிலோவுக்கு 12,900தானே ஆகுது. இந்தச் சின்ன கேட்டுக்கு ரெண்டரை நாள் ரொம்ப ஜாஸ்தி. டேபிள்ல ஜிக் (துண்டுகளை அளவு மாறாம நிறுத்தற அச்சு) வச்சு ரெண்டு இலையும் ஒரே அளவா அடிச்சா, மாட்டறதோட ஒன்றரை நாள்ல முடியும்.

பாகாயம்_பேப்ரிகேஷன்

ஒன்றரை நாள்னே போடுவோம். கூலியில 1,700, பட்டறைச் செலவுல 700 குறையும், 14,430. மிச்சம் நிக்கற 22 கிலோ துண்டும் அடுத்த வேலைக்கு முழுசா உதவும்னு தாராளமா வச்சுக்கிட்டா 1,540 கழியும். 12,890. கிலோ 150க்குப் பண்ணா கையில நிக்கறது 10 ரூபாய். அந்த விலைக்குப் பண்றவர் ஒண்ணு துண்டு வீணாகாம பத்து கேட் சேர்த்துப் பண்றார், இல்லன்னா கனம் குறைஞ்ச பைப் போடறார், அதுவும் இல்லன்னா தன் கூலியை எழுதவே இல்ல.

கனத்தைப் பத்தி ஒண்ணு. 2 மி.மீ.ன்னு கடையில தர்ற 50×50 பைப்பை வெர்னியர் (கனம் அளக்கற கருவி) வச்சுப் பாருங்க, 1.7 இருக்கும் சில நேரம். அப்ப ஒரு நீளம் 18 கிலோ இல்ல, பதினஞ்சரை கிலோ. எடை போட்டு வாங்கினா நஷ்டமில்ல, நீளக் கணக்குல வாங்கினா நஷ்டம். கொட்டேஷன்ல “50×50, 2 மி.மீ., ஷீட் 1.2 மி.மீ.”ன்னு எழுதிக் குடுங்க. கஸ்டமர் ரெண்டு கொட்டேஷனையும் பக்கத்துல வச்சுப் பாக்கும்போது, எழுதினவருக்கும் எழுதாதவருக்கும் வித்தியாசம் தெரியும்.

கிலோ விலை மட்டும் சொல்லாதீங்க. “இந்த அளவு, இந்த கனம், மாட்டி பெயிண்ட் அடிச்சு மொத்தம் இவ்ளோ”ன்னு சொல்லுங்க. அளவு உங்க கையில இருந்தா 8 அடி கேட்டா மாத்தச் சொல்லிப் பாருங்க. இலை 4 அடி ஆகும், ஷீட் அகலமும் 4 அடி, குறுக்கா வெட்டினா கண்ட துண்டு விழாது. 5 அடி இலைக்கு ஷீட்டோட 8 அடியில 5 போக 3 அடி துண்டு நிக்கும்.

மேல்விஷாரம்_மெயின்டனன்ஸ்

மெஷினுக்கு நான் சொல்றேன். 3 லட்சத்துல ஒன்றரை லட்சத்துக்கு மேல மெஷினுக்குப் போடாதீங்க, மீதி இரும்பு வாங்கவும் மூணு மாச வாடகைக்கும் வேணும்.

200 ஆம்பியர் இன்வெர்ட்டர் ஆர்க் மெஷின் ஒண்ணு, சைட்டுக்கும் அதுவே. 14 அங்குல கட்டிங் மெஷின். 4 அங்குல கிரைண்டர் ரெண்டு, ஒண்ணுல கட்டிங் வீல், இன்னொண்ணுல கிரைண்டிங் வீல். ஒரே கிரைண்டர்ல வீல் மாத்தி மாத்திப் போட்டா நேரம் போகும், அதைவிட மோசம், ஹெல்பர் பசங்க கட்டிங் வீல்லயே பக்கவாட்டுல தேய்ப்பாங்க, வீல் உடைஞ்சு முகத்துல அடிக்கும். கார்டைக் கழட்ட விடாதீங்க. 13 மி.மீ. டிரில், வைஸ், சி கிளாம்ப் ஆறு, மூலைமட்டம், டியூப் லெவல். மிக் மெஷின் இப்ப வேணாம். ரோட்டோரக் காத்துல கேஸ் கலைஞ்சு வெல்டுல ஓட்டை விழும், மாட்டற இடத்துல பயனே இல்ல. மாசா மாசம் ஷீட் வேலை நிறைய வர ஆரம்பிச்சா வாங்கிக்கலாம்.

காசு போடவேண்டிய இடம் டேபிள்தான். 8×4 அடி, மேல 10 மி.மீ. பிளேட், கால் ஆறு, லெவல் பாத்து நிறுத்தணும். தரையில கல் வச்சு அடிச்ச கேட் முறுக்கிக்கும், மாட்டும்போது ஒரு மூலை மேல நிக்கும்.

அடிக்கற முறையும் முக்கியம். நாலு மூலையும் டேக் (சின்னப் பொட்டு வெல்ட்) வச்சு ரெண்டு மூலைவிட்டத்தையும் அளக்கணும், 2 மி.மீ.க்குள்ள ஒத்துவந்தாத்தான் அடுத்தது. அப்புறம் எதிர் எதிர் மூலையா வெல்ட் போடணும். ஒரே பக்கமா போட்டுக்கிட்டே போனா சூடு அந்தப் பக்கமே இழுத்துரும். ஷீட்டுக்கு 2.5 மி.மீ. ராடு, 150 மி.மீ.க்கு ஒருதடவை 25 மி.மீ. தையல் போதும். நீளமா ஓட்டினா ஷீட் அலை அலையா நிக்கும், எத்தனை பெயிண்ட் அடிச்சாலும் வெயில்ல தெரியும்.

கரண்ட்: சைட்டுல 30 மீட்டர் ஒயர் இழுக்கறதா இருந்தா 4 ச.மி.மீ. காப்பர் ஒயர் வாங்குங்க. மெல்லிசு ஒயர்ல வோல்டேஜ் இறங்கி ராடு ஒட்டிக்கும், நீங்க ஆம்பியரை ஏத்துவீங்க, ஒயர் சூடாகும். கிராமத்துப் பக்கம் லைன்லயே வோல்டேஜ் குறைவா வர்ற இடத்துக்கு, 3.15 மி.மீ. ராடை 110, 120 ஆம்பியர்ல ஓட்டற அளவுக்கு ஜெனரேட்டர் வாடகைக்கு எடுங்க.

கணக்கர்_ஆற்காடு

மின் இணைப்பு பற்றி ஒரு வார்த்தை சேர்க்கிறேன். வாடகை இடத்தில் இருப்பது வீட்டு இணைப்பா, கடை இணைப்பா என்று மின் அட்டையைப் பார்த்து உறுதி செய்துகொண்ட பிறகு அட்வான்ஸ் கொடுங்கள். வீட்டு இணைப்பில் வெல்டிங் ஓட்டுவது மின்சாரச் சட்டம் 2003, பிரிவு 126-இன் கீழ் அனுமதியற்ற பயன்பாடு. எப்போது தொடங்கியது என்று நிறுவ முடியாவிட்டால் முந்தைய 12 மாதங்களுக்கு, உரிய கட்டணத்தின் இரண்டு மடங்கு விதிப்பார்கள். பட்டறை போட்டு இரண்டு மாதம்தான் ஆகிறது என்று காட்ட வாடகை ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும். இணைப்பு உரிமையாளர் பெயரில் இருக்கும், அபராதம் வந்தால் அவர் உங்களிடம்தான் கேட்பார்.

உத்யம், அதாவது குறு, சிறு தொழில்களுக்கான மத்திய அரசுப் பதிவு, இலவசம், ஆதாரும் பான் எண்ணும் போதும். காசு கேட்கும் இணையதளங்கள் அரசுடையவை அல்ல. ஜிஎஸ்டி: பொருள் விற்பனைக்கு ஆண்டு விற்றுமுதல் 40 லட்சம், சேவைக்கு 20 லட்சம் வரை பதிவு கட்டாயமில்லை. கேட் செய்து சுவரில் பொருத்திக் கொடுப்பது சேவைக் கணக்கில் வர வாய்ப்பு உண்டு, ஆகவே 20 லட்சத்தையே எல்லையாக மனதில் வையுங்கள். வீட்டு வேலைகள் மட்டும் என்றால் இப்போது பதிவு வேண்டாம். சிப்காட் கம்பெனிகளிடம் வேலை எடுப்பதாக இருந்தால் அவர்களே ஜிஎஸ்டி எண் கேட்பார்கள்.

கம்பெனி பில்லில் தனிநபருக்கு 1% டிடிஎஸ் (வருமான வரி முன்பிடித்தம்) பிடிப்பார்கள் (ஒரு பில் 30,000-ஐ, அல்லது ஆண்டு மொத்தம் 1 லட்சத்தைத் தாண்டினால்). வருமான வரி ரிட்டர்ன் தாக்கல் செய்தால்தான் அது திரும்ப வரும். கடன் கேட்டுப் போகும்போது வங்கியும் முதலில் கேட்பது அந்த ரிட்டர்னைத்தான்.

திருவலம்_கரை

ரொம்ப நன்றிங்க. ஒரு சந்தேகம். இப்ப வேலை செய்யற கம்பெனி பக்கமே, மெயின்டனன்ஸ் வேலையை சப் கான்ட்ராக்டா தரேன்னு சொல்றாங்க. வீட்டு கேட் வேலையைவிட அது நிலையா இருக்குமா? கடன் பத்தியும் சொல்லுங்க சார்.

பாகாயம்_பேப்ரிகேஷன்

நிலையா இருக்கற மாதிரி தெரியும், பணம்தான் நிலையா வராது. வீட்டுக்காரர் 60% முன்பணம் தருவார், மாட்டறதுக்கு முன்னாடி 30%, மாட்டி முடிச்சு 10%. முன்பணம் எப்பவும் இரும்பு விலையை மூடணும், மேல சொன்ன கேட்டுக்கு 7,630க்குக் கீழ வாங்கிட்டு இரும்பு எடுக்கப் போகாதீங்க. கம்பெனி வேலையில முன்பணமே கிடையாது, 45 நாள், 60 நாள், 90 நாள்னு தள்ளுவாங்க. ஆளுக்கு சனிக்கிழமை கூலி குடுத்தே ஆகணும். மாசம் 1 லட்சத்துக்கு வேலை செஞ்சு 90 நாள் காத்திருந்தா, 3 லட்சம் வெளிய நிக்கும். உங்க கையிருப்பு மொத்தமும் அதுதான்.

அப்புறம் ஒரே ஆள்கிட்ட மட்டும் வேலை எடுத்தா நீங்க முதலாளி இல்ல, மெஷின் சொந்தமா வச்சிருக்கற கான்ட்ராக்ட் ஆள். இந்த ஊர் பேப்ரிகேஷன் பாதி, அனல்மின் நிலையத்துக்குப் போற பாய்லர் துணைக்கருவி ஆர்டரை நம்பி வளர்ந்தது. அனல்மின் திட்டம் குறைஞ்சா மேல இருந்து கீழ வரைக்கும் ஒரே நேரத்துல கை காயும். மூணுல ஒரு பங்குக்கு மேல ஒரே இடத்து வேலை வேணாம்னு என் அபிப்பிராயம்.

கணக்கர்_ஆற்காடு

பாகாயம் அண்ணன் சொல்வதோடு சட்டத்தையும் தெரிந்துகொள்ளுங்கள். உத்யம் பதிவு பெற்ற குறு, சிறு நிறுவனத்துக்கு எழுத்து ஒப்பந்தம் இருந்தால் அதிகபட்சம் 45 நாள், ஒப்பந்தம் இல்லாவிட்டால் 15 நாளுக்குள் பணம் தர வேண்டும். தாமதித்தால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தைப்போல் மூன்று மடங்கு, மாதக் கூட்டு வட்டி. அந்தக் கெடு தாண்டியும் நிதியாண்டு முடிவுக்குள் தராத தொகையை அந்த ஆண்டுச் செலவாகக் கம்பெனி வருமான வரியில் கழிக்க முடியாது. இந்த இரண்டாவது விஷயம்தான் நடைமுறையில் வேலை செய்கிறது, மார்ச் மாதம் அவர்கள் ஆடிட்டரே உங்கள் பில்லைத் தேடுவார். உத்யம் எண்ணை ஒவ்வொரு பில்லிலும் அச்சடியுங்கள், வேலை முடிந்த தேதியில் கையெழுத்து வாங்குங்கள். பதிவு வேலைக்கு முன்பே இருக்க வேண்டும், பாக்கி விழுந்த பிறகு எடுத்துப் பயனில்லை.

கடன்: பிஎம்இஜிபி (பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கத் திட்டம்) போன்ற மானியக் கடன் புதிய தொழிலுக்கு மட்டும். பட்டறையைத் திறந்து பில் போட ஆரம்பித்துவிட்டு விண்ணப்பித்தால் நிராகரிப்பார்கள். மானியம் பொதுப் பிரிவுக்கு நகரில் 15%, கிராமத்தில் 25%. பட்டியல் இனத்தவர், பழங்குடியினர், பிற்படுத்தப்பட்டோர், சிறுபான்மையினர், பெண்கள் ஆகியோருக்கு நகரில் 25%, கிராமத்தில் 35%. சொந்தப் பங்கு பொதுப் பிரிவுக்கு 10%, மற்றவர்களுக்கு 5%. மானியத் தொகை கையில் வராது, மூன்று ஆண்டுகள் வங்கியில் வைப்பாக நின்று பிறகு கடனில் கழியும். நிலத்தின் விலையைத் திட்ட மதிப்பில் சேர்க்க முடியாது. மெஷின் பணம் நேராக விற்பவர் கணக்குக்குப் போகும், அதனால் கொட்டேஷன் ஜிஎஸ்டி எண் உள்ள கடையில் வாங்குங்கள். பட்டியல் இனத்தவர், பழங்குடியினர் என்றால் தமிழக அரசின் அண்ணல் அம்பேத்கர் தொழில் முன்னோடிகள் திட்டத்தையும் கேளுங்கள், 35% மானியமும் 6% வட்டி மானியமும் உண்டு.

2019-இல் வேலூர் மாவட்டம் மூன்றாகப் பிரிந்த பிறகு, இந்தக் கடன் விண்ணப்பங்களைப் பார்க்கும் மாவட்டத் தொழில் மையமும் தனித்தனியாகிவிட்டது. பட்டறை இருக்கும் இடம் எந்த மாவட்டம் என்று பார்த்து அங்கே போங்கள். திருவலம் காட்பாடி வட்டம், அதாவது வேலூர் மாவட்டம். சிப்காட்டில் வேலை செய்வதால் ராணிப்பேட்டைக்குப் போய் நின்றால் திருப்பி அனுப்புவார்கள்.

மேல்விஷாரம்_மெயின்டனன்ஸ்

சப் கான்ட்ராக்ட் எடுத்தாலும் ஒண்ணை மட்டும் கண்டிப்பா தொடாதீங்க. தோல் தொழிற்சாலைக் கழிவுநீர்த் தொட்டிக்குள்ள இறங்கி வெல்டிங். ஏணி மாத்தணும், பைப் ஒட்டணும், அரை மணி நேர வேலைன்னுதான் கூப்பிடுவாங்க. சேத்தைக் கிளறினா ஹைட்ரஜன் சல்பைடுங்கற விஷ வாயு கிளம்பும். அழுகின முட்டை வாசம் வரும், கொஞ்ச நேரத்துல மூக்கு மரத்து வாசமே தெரியாது, தெரியலன்னா போயிடுச்சுன்னு நினைப்பாங்க. ஒருத்தர் விழுந்தா தூக்க இறங்கற அடுத்தவரும் விழுவார். கேஸ் மீட்டர், பிளோயர், இடுப்புக் கயிறு, மேல ஆள், எழுத்துல பெர்மிட் இத்தனையும் இல்லாம தொட்டி வேலை கிடையாதுன்னு சொல்லிடுங்க. 2015 ஜனவரியில ராணிப்பேட்டை சிப்காட்ல கழிவுத் தொட்டிச் சுவர் இடிஞ்சு, தூங்கிட்டிருந்தவங்க உட்பட 10 பேர் செத்துப்போனாங்க. உங்க ஹெல்பர் இறங்கினாலும் பொறுப்பு உங்களுதுதான், இப்ப கான்ட்ராக்டர் நீங்க.

லத்தேரி_கிரில்

வேலையை எப்ப விடறதுன்னு கேட்டாரே, அதுக்கு யாரும் சொல்லலியே. இந்தத் தொழில் கிரகப்பிரவேசத்தோட ஓடுது. சித்திரை, வைகாசி, ஆவணி, ஐப்பசி, கார்த்திகை, தை. இதுக்கு முன்னாடி மூணு வாரம் எல்லாரும் கேட், கிரில், கைப்பிடின்னு ஒரே நேரத்துல நிப்பாங்க. ஆடியிலயும் மார்கழியிலயும் ரிப்பேர், ஷெட், ரைஸ் மில் வேலைதான். ஆனி கடைசியில வேலையை விட்டா முதல் மாசமே ஆடி. புரட்டாசி நடுவுல விட்டீங்கன்னா அடுத்து ஐப்பசி, கார்த்திகை, மார்கழி தாண்டித் தைன்னு மூணு நல்ல மாசம் இருக்கு. ஆனா ஐப்பசி மழையில பெயிண்ட் வேலையை யோசிச்சு ஒத்துக்கங்க. ஈர இரும்பு மேல ரெட் ஆக்சைடு அடிச்சா பொங்கலுக்குள்ள உள்ள இருந்து துரு கிளம்பும். துடைச்சு, எமரி போட்டு, டின்னர்ல துடைச்சு, அன்னைக்கே பிரைமர். முதல் நாள் தேய்ச்சு வச்சுட்டு மறுநாள் அடிக்கறது மழைக்காலத்துல ஆகாது.

கணக்கர்_ஆற்காடு

லத்தேரி சொன்ன நேரம் இஎஸ்ஐ கணக்குக்கும் பொருந்துகிறது. ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை கட்டிய சந்தாவுக்கான பயன் அடுத்த ஜனவரி முதல் ஜூன் வரை. அக்டோபர் முதல் மார்ச் வரை கட்டியதற்கு ஜூலை முதல் டிசம்பர் வரை. சந்தா காலத்தில் குறைந்தது 78 நாளுக்குச் சந்தா கட்டியிருக்க வேண்டும். செப்டம்பர் 30 வரை வேலையில் இருந்து நிற்பவருக்கு மருத்துவ வசதி அடுத்த ஜூன் வரை நீடிக்கும். அதற்குள் குடும்பத்துக்கு வேறு காப்பீடு எடுத்துவிடுங்கள். ஆண்டு வருமானம் 1.2 லட்சத்துக்குள் உள்ள குடும்பம் என்றால் முதல்வரின் மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் இருக்கிறது.

பிஎஃப்: கான்ட்ராக்டர் மாறும்போதெல்லாம் புது யூஏஎன் (பிஎஃப் கணக்குகளுக்கான பொது எண்) போட்டிருப்பார்கள். வேலையில் இருக்கும்போதே எல்லாவற்றையும் ஒரே எண்ணுக்கு மாற்றுங்கள், வெளியே வந்த பிறகு பழைய கான்ட்ராக்டரைத் தேடிப் பிடிப்பது பெரும்பாடு. விலகிய தேதியை அவர் பதியாவிட்டால், கடைசிச் சந்தா மாதத்திலிருந்து இரண்டு மாதம் கழித்து நீங்களே இணையத்தில் பதியலாம். பென்ஷன் சேவை 10 ஆண்டுக்குக் குறைவாக இருந்தால் அந்தப் பணத்தை எடுக்காமல் திட்டச் சான்றிதழ் வாங்கி வையுங்கள். பின்னால் மறுபடி பிஎஃப் உள்ள வேலைக்குப் போக நேர்ந்தால் பழைய ஆண்டுகளும் சேரும். பிஎஃப் பணத்தைப் பட்டறை மூலதனமாகக் கணக்கில் எழுதாதீர்கள், வரும் தேதி உங்கள் கையில் இல்லை.

திருவலம்_கரை

எல்லாத்தையும் குறிச்சுக்கிட்டேன். இடத்துக்காரர்கிட்ட மின் அட்டை கேட்டிருக்கேன், உத்யம் மட்டும் இப்பவே எடுத்துடலாமா?

கணக்கர்_ஆற்காடு

மானியக் கடனுக்குப் போவதாக இருந்தால் பொறுங்கள். உத்யம் படிவத்தில் தொழில் தொடங்கிய தேதி கேட்கும், அதை எழுதிவிட்டால் புதிய தொழில் என்று வாதிட முடியாது. முதலில் தொழில் மையத்தில் திட்டம் திறந்திருக்கிறதா என்று கேளுங்கள். திறந்திருந்தால் விண்ணப்பம், வங்கி அனுமதி, பிறகு உத்யம். கடன் வேண்டாம் என்று முடிவெடுத்தால் முதல் கம்பெனி வேலைக்கு முன் எடுத்துவிடுங்கள்.